ஸ்டெல்லாவைப் பார்க்க ராஸ் அல் கைமாவுக்கு

2006 குளிர்காலம். ஷார்ஜாவில், முவைலாவில் தங்கி நர்ஸாக வேலை பார்த்தேன். எங்கள் குமரிக் கடற்கரையில் பக்கத்து ஊர்க்காரி ஸ்டெல்லா, வீட்டு வேலைக்கு வந்தவள், நகை திருடிய வழக்கில் ராஸ் அல் கைமா ஜெயிலில் இருந்தாள். எடுக்கவில்லை என்றாள், நான் நம்பினேன். தண்டனையில் இன்னும் எட்டு மாதம் பாக்கி. புகார் கொடுத்த வீட்டம்மா மன்னித்து எழுதிக் கொடுத்தால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று கேள்விப்பட்டு, லீவு போட்டுக் கிளம்பினேன்.

எண்பது கிலோமீட்டர் சொச்சம். ஷேர் டாக்சியில் தலைக்கு இருபது திர்ஹம். பெஷாவர்க்கார டிரைவர் கடைசி சீட்டு நிரம்பும்வரை சாவியைத் தொடவே இல்லை. “பஸ் ஏக் ஆத்மி, பஹன், ஏக் ஆத்மி”, இன்னும் ஒரே ஒரு ஆள்தான் சகோதரி, என்றே முக்கால் மணி நேரத்தை ஓட்டினார். வழியில் நிறுத்திக் குடித்த ஏலக்காய் டீயும் ஜன்னலில் அடித்த மணல் காற்றும் இன்றைக்கும் மனதில் நிற்கின்றன. போன காரியம் அப்படிப்பட்டதாக இருந்தும், அந்தச் சாலைக்கு ஏங்கத்தான் செய்கிறேன்.

வீட்டம்மா காவா என்கிற அரபுக் காப்பியும் பேரீச்சம்பழமும் வைத்து, அரைகுறை ஹிந்தியில் நல்லபடியாகவே பேசினார். கையெழுத்துப் போடுவதில் பிரச்சினை இல்லையாம். வெளியே வந்ததும் ஸ்டெல்லா மறுபடி அங்கேயே வேலைக்கு வர வேண்டும், அவ்வளவுதான். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஐந்து திர்ஹம் டாக்சியில் ஜெயிலுக்குப் பறந்தேன்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா கொஞ்சம் சதை போட்டிருந்தாள். உள்ளே சப்பாத்தி போடுவது இப்போது அவள்தானாம்.

“அடுப்படி நம்ம கையில இருந்தா ஒருத்தியும் வம்புக்கு வரமாட்டா எக்கா” என்று தடுப்பில் மாட்டியிருந்த போனில் சிரித்தாள்.

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

“அந்தக் கையெழுத்து எனக்கு வேண்டாம்.”

“ஒனக்கென்ன பைத்தியமா மக்கா? இன்னும் எட்டு மாசம்லா கெடக்கு!”

“கெடக்கட்டும். இங்கயும் பூட்டத்தான் செய்யாவ. ஆனா எப்பத் தொறப்பாவன்னு தெரியும். அந்த வீட்டுல அது தெரியாமதான ஓடுனேன். அதுக்கப்புறந்தான இந்த நகை கேசு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

எட்டு மாதமும் இருந்து முடித்துத்தான் ஊருக்குப் போனாள். மாதம் ஒருமுறை அதே சாலையில் போய்ப் பார்த்து வந்தேன்.

இப்படிப் போகிறவர்களுக்கு: பார்க்கும் நாள் மாறும், முன்பே விசாரியுங்கள். ஒரிஜினல் அடையாள அட்டை வேண்டும். வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். மன்னிப்பு வாங்கித்தரப் போகிறீர்கள் என்றால், முதலில் ஜெயிலுக்குப் போங்கள். புகார் கொடுத்த வீட்டுக்கு நீங்கள் போவதா வேண்டாமா என்பதை உள்ளே இருப்பவள் சொல்லட்டும்.