மராகேஷில் கலைந்த கட்டில்

மெல்பேர்னின் துல்லாமரின் விமான நிலையத்தில் எங்கள் பெரிய பெட்டி முப்பத்திரண்டு கிலோ காட்டியது. அனுமதி முப்பதுதான். கவுண்டரில் நின்ற பெண் புன்னகை மாறாமல் எங்களை ஓரமாக ஒதுக்கிவிட்டாள். பெட்டியைத் திறந்தேன். மேலே ஸ்பிரிங்வேலில் வாங்கிய மிக்ஸர் பொதி. அதற்குக் கீழே என் புதுச் சப்பாத்து. அதற்கும் கீழே ஒரு சோடி இறப்பர் கையுறை, நான்கு தூசி துடைக்கும் துணி, கிருமிநாசினி ஒரு போத்தல்.

நாங்கள் போவது மொரோக்கோவில் உள்ள ஒரு சொகுசு விடுதிக்கு. ஐந்து இரவு. ஒவ்வொரு குடிலுக்கும் தனி முற்றம், தனிக் குளம், குளித்துவிட்டு வந்தால் துவாய் சுற்றிவிடக்கூட ஆள் இருக்கும் என்று இணையத்தில் போட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்துக்குத் துடைக்கும் துணியோடு போகிற ஒரே பெண் என் மனைவி பவானியாகத்தான் இருக்கும். எதை வெளியே எடுப்பது என்று கேட்டேன். அவள் யோசிக்கவேயில்லை. என் சப்பாத்தை எடுத்தாள். வழியனுப்ப வந்த நண்பரின் காரில் அது ரோவிலில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போனது. ஆக, வாழ்க்கையின் முதல் சொகுசுப் பயணத்துக்கு நான் பாட்டாச் செருப்போடு புறப்பட்டேன்.

பயணத்தை ஏற்பாடு செய்தவள் சிட்னியில் இருக்கும் எங்கள் மகள் துவாரகா. எங்கள் முப்பத்தைந்தாவது திருமண நாளுக்கு அவள் தந்த பரிசு. விமானம் ஏறுமுன் தொலைபேசியில் ஒரே கட்டளைதான்: "அப்பா, அம்மாவை ஒரு வேலையும் செய்ய விடாதேங்கோ. ஷீ இஸ் த கெஸ்ட் திஸ் டைம். ப்ளீஸ்."

அந்த 'திஸ் டைம்' ஏன் என்று சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் சிட்னிக்கு வந்தபோது வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு அறை வீட்டில் இருந்தோம். நான் படித்துக்கொண்டிருந்தேன். அதாவது, படிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பவானி விடியற்காலை ரயிலில் பரமட்டாவைக் கடந்து நகருக்குப் போவாள். துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பெரிய ஹோட்டலில் அறைகள் சுத்தம் செய்யும் வேலை. ஆறு வருடம் செய்தாள். விருந்தினர் பிரிக்காமல் விட்டுப்போன குட்டிச் சவர்க்காரங்களை வேலைக்காரர் எடுத்துப்போகலாம். அதனால் எங்கள் வீட்டில் வாடகை கட்டத் தட்டுப்பாடு இருந்தாலும் வாசனைக்குத் தட்டுப்பாடு இருந்ததில்லை. ஒரு கதிரைதான் இருந்தது. ஆனால் வந்த விருந்தாளிகள் லவெண்டர், ஜஸ்மின், எலுமிச்சை என்று விரும்பிய வாசனையில் கை கழுவலாம். என்னை ஒரு பெரிய உத்தியோகத்தன் என்று நம்பி ஒருவர் கடன்கூடக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டுபேரும் ரயிலில் போய், துறைமுகக் கரையில் இடியப்பப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு அந்த ஹோட்டலை அண்ணாந்து பார்ப்போம். "உந்தக் கட்டில்களில படுக்கிற ஆக்கள் என்னத்தை நினைச்சுக்கொண்டு படுப்பினம்?" என்று பவானி கேட்பாள். நான் பெரிய தத்துவமாக ஏதாவது சொல்வேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. நல்லவேளை.

மெல்பேர்னிலிருந்து டுபாய் பதினான்கு மணி நேரம், அங்கிருந்து கசபிளாங்கா எட்டு. பிறகு மராகேஷுக்குத் தரைவழியே இருநூற்று நாற்பது கிலோமீற்றர். விடுதி அனுப்பிய சாரதி ஹசன் ஐம்பது வயதுக்காரர், கொஞ்சம் ஆங்கிலம், நிறையச் சிரிப்பு. என் காலைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், பிறகு பெரிய மனதோடு வானத்தைப் பார்த்தார். புதன்கிழமை மத்தியானம் ஊரிகாப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போவதாக வழியிலேயே ஒப்பந்தம் ஆயிற்று. அட்லஸ் மலையடிவாரம், அறுபது கிலோமீற்றர், அருவிகள், ஆற்றுக்குள்ளேயே கதிரை போட்ட சாப்பாட்டுக் கடைகள்.

சனிக்கிழமை மாலை விடுதிக்குள் நுழைந்தோம். பேரீச்சந் தோப்புக்கு நடுவே செம்மண் நிறச் சுவர்கள். வாசலில் வெள்ளித் தட்டில் பேரீச்சம்பழமும் பாலும். ஊதாப்பூக் கொடி படர்ந்த முற்றம். குளத்தில் ரோஜா இதழ்கள். கட்டிலைப் பார்த்ததும் பவானி கைப்பையை வைக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றவில்லை. நேரே போய் மெத்தையின் மூலையைத் தூக்கிப் பார்த்தாள். விரிப்பு எப்படி மடிக்கப்பட்டிருக்கிறது என்று தடவினாள்.

"நல்லாச் செய்திருக்கிறாள்" என்றாள். ஆளை இன்னும் பார்க்கவேயில்லை. பெண் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கதவு தட்டப்பட்டது. இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண், வெள்ளைத் தலைத்துணி, பெயர் நயீமா. உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கட்டில் விரித்தாயிற்று. குளியலறை துடைத்தாயிற்று. குப்பைக்கூடைகூடக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. பவானி இறப்பர் கையுறையைக் கழற்றியபடி அவளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்தாள், ஆனால் அது பதில் தெரியாத பரீட்சைத்தாளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

துவாரகாவின் கட்டளையை நினைவூட்டினேன். பவானி சொன்னாள்: "என்ர அழுக்கை இன்னொரு பொம்பிளை கூட்ட நான் பாத்துக்கொண்டு இருக்கிறதே? எனக்கு ஏலாதப்பா."

திங்கட்கிழமை அவள் ஒரு படி மேலே போனாள். 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்ற அட்டையைக் கதவில் மாட்டினாள். அது நயீமாவுக்கு அவள் கொடுக்கும் பரிசாம். சிட்னியில் ஒரு நாளைக்குப் பதினான்கு அறைகள். ஏதாவது ஒரு கதவில் அந்த அட்டை தொங்கினால் ஒரு அறை மிச்சம். அந்த அரை மணி நேரத்தில் துணி அலுமாரிக்குள் குந்தியிருந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கலாம். "அந்தக் கார்ட்டைக் கண்டா எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமே" என்றாள். செவ்வாயும் அட்டை தொங்கியது.

செவ்வாய் பகல் பழைய நகருக்குப் போனோம். பத்துக் கிலோமீற்றருக்கு வாடகைக் கார் நூறு திர்ஹம், எங்கள் காசில் பதினைந்து டொலர் சொச்சம். ஜெமா எல் ஃப்னா சதுக்கத்தில் தோடம்பழச் சாறு பத்துத் திர்ஹம்; அதே சாறு விடுதியில் தொண்ணூறு, ஆனால் அங்கே ஒரு புதினா இலை கூடுதலாக மிதக்கும். தோல் சந்தையில் ஒருவர் என் செருப்பைச் சுட்டி, தன் கடைச் செருப்பை அரை விலைக்குத் தருவதாகச் சொன்னார். பேரம் பேசுவதில் நான் சூரன் என்ற நினைப்பு எனக்கு உண்டு. முந்நூறு என்றதை இருநூற்றைம்பதுக்கு இறக்கி வெற்றியோடு வெளியே வந்தேன். அடுத்த கடையில் அதே செருப்பு நூற்றிருபது என்று எழுதித் தொங்கியது. பவானி நடக்கும்போது ஒருமுறை அந்த விலை அட்டையை வாசித்துக் காட்டினாள், அவ்வளவுதான்.

பின்னேரம் திரும்பி வந்தால் முற்றத்து மேசையில் ஒரு பழக்கூடை, ஒரு கேக், ஒரு பெரிய பூங்கொத்து. பக்கத்தில் விடுதி முகாமையாளர் யூசுப், நெஞ்சில் கை வைத்தபடி. எங்களுக்கு என்ன குறை நேர்ந்தது என்று அவர் கேட்டார். மூன்று நாளாக அறைச் சேவையை மறுத்திருக்கிறோம். இந்த விடுதியில் இப்படி நடந்ததில்லையாம். ஒவ்வொரு பெண்ணுக்கும் நான்கே குடில்கள். அதில் ஒன்றின் கதவு மூடியே இருந்தால், அவள்மேல் விருந்தினருக்கு ஏதோ மனக்கசப்பு என்றுதான் கணக்கு. வேலை நிரந்தரமாகுமுன் நயீமாவுக்கு உள்ள மூன்று மாதப் பரீட்சைக் காலம் இந்த வாரத்தோடு முடிகிறது. கவலைப்பட வேண்டாம், நாளையிலிருந்து வேறொருத்தியை அனுப்புகிறேன் என்றார்.

பவானியின் முகத்தை அப்படி நான் நெடுநாள் பார்த்ததில்லை. சிட்னியில் எவனோ ஒரு விருந்தினன் தன் கைமணிக்கூட்டைக் காணவில்லை என்று முறையிட்ட வாரம் பார்த்த முகம் அது. மணிக்கூடு அவன் கோட்டுப் பையிலேயே கிடைத்தது. ஆனாலும் பவானிக்கு மூன்று வாரம் வேலை கொடுக்கவில்லை.

அந்தப் பெண்ணில் ஒரு பிழையும் இல்லை, மிக நல்ல பிள்ளை என்று அவள் சொல்லச் சொல்ல, யூசுப் இன்னும் அதிகமாகக் குனிந்தார். நல்ல விருந்தினர்கள் எப்போதும் அப்படித்தான் பெருந்தன்மையாகச் சொல்வார்களாம். கடைசியில் பவானி ஒரே பிடியாக நின்றாள்: நாளை நயீமாதான் வரவேண்டும். அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் தலைமை மேற்பார்வையாளரும் கூட வந்து பார்ப்பார் என்றார்.

புதன்கிழமை காலை எங்களுக்கு ஒரு விசித்திரமான சிக்கல். மேற்பார்வையாளர் வரும்போது நயீமா செய்து காட்ட வேலை இருக்கவேண்டும். அறையோ வழக்கம்போலப் பளிங்கு. அதைக் குழப்பவேண்டும்.

பவானி கட்டில் விரிப்பை ஒரு பக்கம் இழுத்துவிட்டாள். ஒரு நிமிடம் பார்த்தாள். மறுபடி செருகினாள். ஒரு துவாயை நிலத்தில் போட்டாள். அது விழும்போதே நாலாக மடிந்து விழுந்தது.

"எனக்கு வராது" என்றாள். "நீங்கள் செய்யுங்கோ. முப்பத்தைஞ்சு வரியமா உதைத்தானே செய்துகொண்டிருக்கிறியள்."

வாழ்க்கையில் முதல்முறையாக என் திறமைக்கு அங்கீகாரம் கிடைத்தது. ஈரத் துவாயைக் கட்டில் நடுவில் போட்டேன். பேரீச்சங் கொட்டைகளைத் தட்டைச் சுற்றிப் பரப்பினேன். பற்பசையைத் திறந்தே விட்டேன். மிக்ஸரைத் தலையணையில் வைத்துச் சாப்பிட்டேன். பின்னால் பார்த்தால் பவானி கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு வருகிறாள்.

"நீர் வெளியில போய் இரும்" என்றேன்.

அரை மணி கழித்து வந்து பார்த்தவள் திகைத்துப்போனாள். "ஐயோ, இவ்வளவும் வேண்டாமப்பா. அவளுக்குக் குனிஞ்சு நிமிந்து நாரி முறிஞ்சு போம்." பாதியை அவளே ஒதுக்கினாள். ஒரு நடுத்தரக் குப்பையில் இரண்டுபேரும் சமரசமானோம்.

பத்து மணிக்கு நயீமா வந்தாள். கண் சிவந்திருந்தது. பின்னால் சங்கிலி கோத்த மூக்குக்கண்ணாடியோடு மேற்பார்வையாளர், ஒரு பெரிய அம்மா. பவானி சாளரத்தோரக் கதிரையில் அமர்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். நயீமா பழைய விரிப்பை உருவினாள். புதியதை ஒரே உதறலில் விரித்தாள். அது ஒரு கணம் காற்றில் நின்று இறங்கியது. மூலையைத் தூக்கி, மடித்து, செருகினாள். ஒவ்வொரு இழுப்புக்கும் பவானியின் தோள் கொஞ்சம் அசைந்தது. நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கை வெளியே வரவில்லை.

முடிந்ததும் மேற்பார்வையாளர் கட்டிலைச் சுற்றி வந்து, திருப்திதானா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பவானி எழுந்து நின்றாள். சிட்னியில் ஆறு வருடம் தானும் இதே வேலை செய்தவள் என்றாள். அந்த அட்டை, அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும் என்று தான் மாட்டியது, வேறொன்றுமில்லை என்றாள். தன் கட்டில் ஒருநாளும் இவ்வளவு நன்றாக வந்ததில்லை என்றும் சொன்னாள். அது பொய். ஆனால் நன்றாகச் சொல்லப்பட்ட பொய்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். தன் இடுப்பில் கையை வைத்துப் பவானியைக் கேள்வியாகப் பார்த்தார். பவானியும் தன் நாரியில் கையை வைத்து ஓம் என்று தலையாட்டினாள். அவர் நயீமாவிடம் அரபியில் ஏதோ சொன்னார். நயீமா முதலில் அவரைப் பார்த்தாள், பிறகு பவானியைப் பார்த்தாள், பிறகு ஓடிவந்து பவானியின் தோளில் முத்தமிட்டாள். இந்த நான்கு குடில்களும் இனி அவளுக்குத்தான், நிரந்தரமாக, என்று அந்த அம்மா எங்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அவளை அழைத்துக்கொண்டு போனார்.

கதவு சாத்தியதும் நான் ஊரிகாவுக்குத் தொப்பி தேடினேன். பவானி கட்டிலின் விளிம்பில் அமர்ந்தாள். கையால் ஒருமுறை தடவினாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி வைத்துப் படுத்தாள்.

"இஞ்சேருங்கோ" என்றாள் சற்றுப் பொறுத்து. "உதுகளில படுக்கிற ஆக்கள் என்னத்தை நினைப்பினம் எண்டு கேக்கிறனான் எல்லே."

"ஓம்."

"ஒண்டும் நினைக்கேல்லயப்பா. நித்திரைதான் வருது."

நான் பதில் சொல்லத் திரும்பியபோது அவள் தூங்கிவிட்டாள்.

வாசலில் ஹசன் காரைத் துடைத்துத் தயாராக நின்றார். மனைவி தூங்குகிறா, இன்றைக்குப் பயணமில்லை, பேசிய கூலியைத் தந்துவிடுகிறேன் என்றேன். உடம்புக்கு ஏதுமா என்று கேட்டார். இல்லை, சும்மா தூங்குகிறா என்றேன். அவர் காரின் பின்பக்கத்திலிருந்து ஒரு பிளாஸ்கை எடுத்தார். பேரீச்ச மர நிழலில் இருவரும் குந்தியிருந்து புதினாத் தேத்தண்ணி குடித்தோம். தன் மனைவி பகலில் தூங்கிப் பார்த்ததே இல்லை என்றார் அவர். நானும்தான் என்றேன்.

பவானி எழும்பியபோது நாலரை. தலை கலைந்திருந்தது. போர்வை ஒரு பக்கம் நிலத்தில் கிடந்தது. அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அதைத் தாண்டி நடந்துபோய், இங்கே தேத்தண்ணி யாரைக் கேட்கவேண்டும் என்று கேட்டாள்.

மறுநாள் காலை புறப்பட்டுவிட்டோம். ஆகவே ஊரிகாப் பள்ளத்தாக்கைப் பற்றி என்னிடம் எழுத ஒன்றுமில்லை. போய் வந்தவர்கள் அருவிகள் நன்றாக இருக்கும் என்கிறார்கள். நான் பார்த்தது பவானி பகலில் தூங்கியதை. வென்ட்வேர்த்விலிலும் ரோவிலிலும் இத்தனை வருடம் ஒன்றாக வாழ்ந்தும் எனக்குக் காணக் கிடைக்காத காட்சி அது. அதைப் பார்க்க ஒரு நாள் முழுக்க விமானத்தில் போகவேண்டியிருந்தது.