எண் வராத அடி

அந்தக் கருவி ஒரு சோப்புப் பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. கறுப்பு நிறம், வழவழப்பான முகம், பின்னால் மடக்கக்கூடிய ஒரு சிறு கால். அந்தக் காலை விரித்துத் தரையில் லேசாகச் சாய்த்து வைக்க வேண்டும். கோல்ஃப் பழகுகிறவர்கள் அதை லாஞ்ச் மானிட்டர் என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பொட்டி. பெரிய கோல்ஃப் திடல்களில் வைத்திருப்பவை ஒரு புதுக் காரின் விலைக்கு வரும். இது ஒரு சுமாரான கைப்பேசியின் விலைதான். அண்ணனுக்காக வாங்கினேன்.

அண்ணன் செமிலிங் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கோல்ஃப் பயிற்சித் திடலில் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருந்தான். சிடாம் கிரிக்குப் பக்கத்துத் தோட்டத்தில், துரைமார் போட்டுவிட்டுப் போன ஒன்பது குழித் திடலில் எங்கள் அப்பா புல்வெட்டும் இயந்திரம் ஓட்டினார். அண்ணன் மட்டை பிடிக்கத் தொடங்கியது அங்கேதான். அந்தத் திடல் இப்போது எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக் காடு. அப்பாவும் இல்லை. அண்ணனுக்கு மிஞ்சியது அங்கே கற்ற அடி மட்டும். அதை வைத்துத்தான் பாக்கார் ஆராங்கில் இந்த வீட்டை வாடகைக்கு எடுத்தான். என்னைப் பொறியியல் படிக்க வைத்தான்.

மழை பெய்த ஒரு சாயங்காலம், வேலை முடிந்து பீடோங் சாலையில் வரும்போது அவன் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. வலது தோள் தரையில் மோதி விழுந்தான். எலும்பு கூடிவிட்டது. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள்தான் இழுபட்டுப்போயின. கை தூக்க வரும், ஆனால் பாதி வழியில் நின்றுவிடும். விரல்கள் மட்டையைப் பிடிக்கும், இறுக்காது. மருத்துவர், வரலாம், வராமலும் போகலாம், வந்தால் மெதுவாகத்தான் வரும் என்றார். அண்ணன் அதில் முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டான்.

திடலின் தவுக்கே, அதாவது முதலாளி, ஒரு சீனர். மருத்துவமனைக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். அண்ணனின் இடத்தைச் சீனப் பெருநாள் வரைக்கும் காலியாக வைத்திருப்பதாகவும், அதற்குள் செவன் அயர்ன் மட்டையால் ஒரு முழு அடி அடித்துக் காட்டினால் போதும், மறுநாளே வேலைக்கு வரலாம் என்றும் மலாய் மொழியில் சொன்னார். அவர் போன பிறகு நான் கேட்டேன்.

"ஏன்ணே, அடிக்காமலே சொல்லிக்குடுக்க முடியாதா? வாயால சொன்னா போதாதா?"

"நீ காசு குடுத்து நீச்சல் கத்துக்கப் போற. வாத்தியாரு கரையிலயே நிக்கிறாரு. தண்ணிக்குள்ள எறங்கவே மாட்டேங்குறாரு. மறுவாரம் போவியா?"

"போவ மாட்டேன்."

"அவ்ளோதான் லா. தவுக்கே நல்லவரு. நானா இருந்தா சீனப் பெருநாளுக்குன்னுகூட தவண குடுத்திருக்க மாட்டேன்."

திடலுக்குப் போய்ப் பழக அவனுக்கு மனமில்லை. தன்னிடம் கற்றவர்கள் பார்ப்பார்கள் என்றான். அதனால் வீட்டு முன்புறத்து கார் போர்ச்சில் வலை கட்டினோம். ஆனால் வலைக்குள் போகும் பந்து எதையும் சொல்லாது. எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று தெரியாது. தூரம் தெரியாவிட்டால் கை தேறுகிறதா என்பதும் தெரியாது. பொட்டி அதற்குத்தான். அது பந்துக்குப் பின்னால் இருந்து ரேடார் அலையை அனுப்பும். பந்தில் பட்டுத் திரும்பும் அலையை வைத்து வேகத்தைக் கணக்கிடும். வலை இல்லாவிட்டால் பந்து எங்கே விழுந்திருக்கும் என்று கைப்பேசித் திரையில் காட்டும். வாயாலும் சொல்லும்.

முதல் நாள் சாயங்காலமே அது வாய் திறந்தது. அண்ணன் அடித்தான். கைப்பேசியிலிருந்து ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில், தொண்ணூற்றிரண்டு மீட்டர் என்றது. அம்மா சமையலறையிலிருந்து சத்தம் போட்டார்.

"யாருடா அது, வீட்டுக்குள்ள வெள்ளக்காரி?"

"ஒன் மருமக லா மா. இப்பதான் வந்திருக்கா."

"வந்தவ சோறாக்குவாளா?"

"தூரம் சொல்லுவா."

"தூரம் சொல்லி நா என்னா பண்ண? நல்லா வந்து வாச்சா போ."

விபத்துக்குப் பிறகு அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். நல்ல கை இருந்தபோது அண்ணனின் அடி இன்னும் எவ்வளவோ தூரம் போகும். என்றாலும் தொண்ணூற்றிரண்டு என்பது தொடக்கம். மீதி தானாக வரும் என்றான். மறுநாள் காலை அம்மா கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்.

இரண்டு மூன்று நாள் எண்கள் வந்தன. ஒன்றுக்கொன்று பொருத்தமில்லாத எண்கள். நான் கூலிமில் ஒரு தொழிற்சாலையில், சோதனையில் தோற்கும் உணர்கருவிகள் ஏன் தோற்கின்றன என்று கண்டுபிடிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். பொருத்தமில்லாத எண்களைப் பார்த்தால் சும்மா இருக்க வராது. ஒரு சாயங்காலம் அண்ணன் பந்தை வைக்கக் குனிந்தான். மட்டை சுவரில் சாய்ந்திருந்தது. அப்போது அந்தப் பெண் குரல், எண்பத்தேழு மீட்டர் என்றது.

அண்ணன் சிரித்தான். "மருமகளுக்கு அவசரம் லா. அடிக்கிறதுக்கு முன்னயே சொல்றா."

நான் மேலே பார்த்தேன். போர்ச்சின் கூரையில் மின்விசிறி வழக்கம்போலச் சுற்றிக்கொண்டிருந்தது. ரேடாருக்குப் பந்து என்றும் இறக்கை என்றும் தெரியாது. எது வேகமாக நகர்கிறதோ அதை அளக்கும். விசிறியை நிறுத்திவிட்டு, இப்போது அடி என்றேன். அடித்தான். பந்து வலையில் பட்டு விழுந்தது. குரல் வரவில்லை. திரையில் காத்திருக்கும் அடையாளம் அப்படியே இருந்தது. மறுபடி அடித்தான். வரவில்லை.

"காத்தாடியப் போடு," என்றான்.

"அண்ணே, அது காத்தாடியோட நம்பரு."

"தெரியாது லா ஒனக்கு. காத்தாடி இருந்தாதான் வேல செய்யுது. பொட்டி ரோசாக்."

ரோசாக் என்றால் மலாயில் கெட்டுப்போனது. அன்றிலிருந்து அந்தச் சொல் எங்கள் வீட்டில் குடியேறிவிட்டது.

தொழிற்சாலையில் எங்களுக்கு இரண்டு விதிகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது ஒன்று. அந்த விதியின்படி நான் எல்லாவற்றையும் செய்தேன். பொட்டிக்கும் பந்துக்கும் உள்ள தூரத்தைக் கையேட்டில் சொன்னபடி அளந்து வைத்தேன். தரையின் சரிவைப் பார்த்து அடியில் அட்டை கொடுத்தேன். குழல் விளக்கை அணைத்தேன், சில ரேடார்களுக்கு அது ஆகாது. இரும்புக் கதவில் அலை பட்டுத் திரும்பலாம் என்று அதை முழுக்கத் திறந்து வைத்தேன். வலையைத் தள்ளிக் கட்டினேன். பழைய பந்துகளை மாற்றினேன். செயலியை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாயங்காலம். வேலை முடிந்து வந்ததும் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு இதைத்தான் செய்தேன்.

ஒவ்வொரு முறையும் அண்ணன் முகம் தெளியும். "ஆ, இதான் லா காரணம். எனக்கு மொதல்லயே தோணுச்சு," என்பான். பிறகு அடிப்பான். பந்து வலையில் படும் சத்தம் மட்டும் கேட்கும். நனைந்த துணியைக் கொடியில் போடுவது போன்ற சத்தம்.

அம்மா எட்டிப் பார்ப்பார். "இன்னிக்கி மருமக பேசுனாளா?"

"இல்லம்மா."

"நாலு வருசம் படிக்க வெச்சான் ஒன்ன. ஒரு பொட்டியப் பேச வெக்கத் தெரியல."

காரணங்களை எழுதி வைத்திருந்த பட்டியலில் ஒவ்வொரு வரியாகக் கோடிட்டு அடித்துக்கொண்டே போனேன். தொழிற்சாலையில் அது மகிழ்ச்சியான வேலை. காரணங்களைக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவதுதான் பழுது. இங்கே கடைசியில் எது மிஞ்சும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கையேட்டின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. மிக மெதுவாகப் போகும் பந்துகளைக் கருவி கணக்கில் எடுத்துக்கொள்ளாது. அது அடி இல்லை என்று விட்டுவிடும்.

அண்ணன் மாற்றுக் கருவி கேட்கச் சொன்னான். விற்றவருக்கு எழுதினேன். தகராறு செய்யாமல் பழையதை எடுத்துக்கொண்டு புதியதை அனுப்பினார். அது வரும்வரை அண்ணன் நல்ல மனநிலையில் இருந்தான். கைக்கான பயிற்சிகளை விடாமல் செய்தான். பந்தை அமுக்குவது, கயிற்றை இழுப்பது, சுவரில் விரலால் ஏறுவது. புதுப் பொட்டி வந்தது. விசிறியை நிறுத்தினேன். அடித்தான்.

"இதுவும் ரோசாக்," என்றான். ஆனால் இந்தமுறை குரலில் சண்டை இல்லை.

தொழிற்சாலையில் உள்ள மற்ற விதியை நான் இன்னும் சொல்லவில்லை. சந்தேகப்படும் பொருளைச் சோதிக்கும் முன், நல்லது என்று தெரிந்த ஒன்றைக் கருவியில் வைத்துப் பார்க்க வேண்டும். கருவி உண்மை சொல்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். அதாவது இரண்டு கையும் சரியாக உள்ள யாராவது ஒருவர் அடித்தால் போதும். அந்த வீட்டில் அப்படி இருந்தது நானும் அம்மாவும்தான். அதை நானும் சொல்லவில்லை, அண்ணனும் கேட்கவில்லை. எத்தனையோ சாயங்காலங்கள் அந்த மட்டை எங்கள் இருவருக்கும் நடுவே சுவரில் சாய்ந்து நின்றது.

பெருநாளுக்காகத் தெருவில் சீனர் வீடுகளில் சிவப்பு விளக்குகள் தொங்கத் தொடங்கின. அந்த வாரம் ஒரு சாயங்காலம் அம்மா பாசார் மாலாம் சந்தைக்குப் போயிருந்தார். அண்ணன் சில பந்துகள் அடித்துப் பார்த்தான். பிறகு மட்டையின் பிடியை என் பக்கம் நீட்டினான்.

"நீ அடி."

"எனக்குத் தெரியாதுண்ணே."

"தெரியாதுன்னு தெரியும் லா. வா, நில்லு."

நின்றேன். அவன் பின்னால் வந்து பார்த்தான். "கால அகட்டு. அவ்ளோ இல்ல, கக்கூஸ்ல ஒக்கார்ற மாதிரி நிக்காத. முட்டிய லேசா மடக்கு. பிடிய இறுக்காத, குருவிக்குஞ்சு கையில இருக்குன்னு நெனச்சுக்க." இடது கையால் என் விரல்களைச் சரி செய்தான். "தலைய ஆட்டாத. பந்த அடிக்காத, வழியில பந்து இருக்குது, அவ்ளோதான்." திடலில் பேசுகிற குரல் அது. விபத்துக்குப் பிறகு அதை நான் கேட்டதே இல்லை. இந்த மனிதன் எப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பான் என்பது எனக்கு அந்தச் சில நிமிடங்களில் புரிந்தது. தப்பாக அடித்துவிடலாம் என்று முதலில் நினைத்திருந்தேன். அவன் அவ்வளவு அக்கறையாகச் சொன்ன பிறகு அப்படிச் செய்ய முடியவில்லை. சொன்னதைச் செய்தேன்.

பந்து வலையை அறைந்தது. மேலே கட்டியிருந்த கம்பி அதிர்ந்தது.

"நல்ல அடி," என்றான் அண்ணன், தன்னையறியாமல்.

அந்தப் பெண் குரல், எழுபத்தொரு மீட்டர் என்றது.

விசிறி நின்றிருந்தது. விளக்கு அணைந்திருந்தது. கதவு திறந்திருந்தது. எல்லாம் நான் வைத்தபடி இருந்தன.

அவன் குனிந்து பந்தை எடுத்தான். வலது கையால் எடுக்கப் பார்த்தான், விரலிலிருந்து நழுவியது, இடது கையால் எடுத்தான். "பொட்டி நல்லாத்தான் இருக்கு," என்றான்.

"அண்ணே."

"ஒன்னும் பேசாத, தங்கச்சி."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தான். தவுக்கேக்குக் குரல் பதிவு அனுப்பினான். வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள், காத்திருந்ததற்கு நன்றி, பெருநாள் வாழ்த்துகள் என்று மலாயில், ஒரு வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரி சீராகச் சொன்னான். பிறகு சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினான். இடது கையால்தான்.

"காத்தாடியப் போடு. வேர்க்குது."

போட்டேன். வலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பொட்டியை அணைக்க நானும் மறந்துவிட்டேன், அவனும் மறந்துவிட்டான். விசிறி வேகம் எடுத்தது. கைப்பேசி பேசத் தொடங்கியது. எண்பத்தைந்து மீட்டர். சற்றுக் கழித்து, தொண்ணூற்று நான்கு.

தெருவில் அம்மா வந்துகொண்டிருந்தார். இரண்டு கையிலும் காய்கறிப் பைகள். கதவருகே வந்தவர் நின்றார். குரல் மறுபடி ஒரு எண்ணைச் சொன்னது. மட்டை என் கையில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. நாற்காலியில் இருந்த அண்ணனைத்தான் பார்த்தார்.

"மருமக பேசுறா!" என்றார். "டேய், பேசுறாடா! கை வந்துருச்சா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் விசிறியின் சுவிட்சைப் பார்த்தேன். அது எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அம்மா பைகளைத் தரையில் வைத்துவிட்டு, திறந்திருந்த கதவுக்கு நடுவே நின்று கண்களை மூடிக் கை கூப்பினார். அந்தக் குரல் எண்களைச் சொல்லிக்கொண்டே இருந்தது.