காலை நேரக் கரகரப்பு

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அமுதவல்லி முதலில் ரிசீவரை எடுத்து ஒன்றாம் நம்பரை ஒரே ஒரு தடவை அழுத்துவார். டயல் டோன் நின்றுபோகும். அதற்குப் பிறகு வரும் அமைதியில்தான் லைனின் வண்டவாளம் தெரியும். அதைக் கேட்கக் கண்களை மூடிக்கொள்வார். வீட்டுக்காரர்கள் அந்த நேரம் பார்த்து எதையாவது சொல்ல ஆரம்பிப்பார்கள். "செத்த பேசாம இருங்க" என்பார், கண்ணைத் திறக்காமலே.

வயது ஐம்பத்து மூன்று. டெலிபோன் லைன்மேனாக இருந்த கணவர் வீரமணி இறந்தபின் அந்த வேலை இவருக்கு வந்து பத்தொன்பது வருஷமாகிறது. சேலைமேல் முழுக்கைச் சட்டை. முதுகில் ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளை போட்டுக் கழித்த பை. உள்ளே கட்டிங் பிளேயர், மஞ்சள் நிறச் சோதனை போன், டேப், முட்டி வலிக்கு ஒரு தைலப் புட்டி. நாலு ஆள் பார்த்த லைன்களை இப்போது தனியாளாகப் பார்க்கிறார். யார் என்ன புகார் சொன்னாலும் "பாத்துக்கலாங்க" என்பதுதான் பதில். அதைப் பெருமூச்சோடு சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டார்.

கடத்தூரிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே, கரட்டடியில் இருக்கிறது ஜெயபிரியாவின் வீடு. அந்தப் பாறைக்குன்று மறைப்பதால் செல்போனில் சிக்னல் நிற்காது. டெலிபோன் ஒயரில் வரும் இன்டர்நெட்தான் கதி. பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர்கள் பேசிப் பதிந்ததைக் கேட்டு டைப் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே செய்ய அவளுக்குக் கிடைத்த ஒரே வேலை அது. இரண்டு மாதமாகக் காலை வேளையில் போன் அடித்தால் போதும், நெட் அறுந்துவிடுகிறது. எடுத்துப் பேசினால் காதுக்குள் அப்பளம் நொறுக்குவதுபோல் கரகரப்பு.

அமுதவல்லி மூன்று தடவை வந்து பார்த்துவிட்டார். மூன்று தடவையும் வந்து சேர உச்சிவேளையாகிவிட்டது. லைன் சுத்தமாக இருந்தது. முதல் தடவை, போனையும் நெட்டையும் பிரிக்கும் சின்ன ஃபில்ட்டர் பெட்டியை மாற்றினார். இரண்டாவது தடவை மோடத்துக்குப் போகும் ஒயரை. மூன்றாவது தடவை மாற்ற எதுவும் மிஞ்சவில்லை. புகார்த் தாளில் 'வாடிக்கையாளர் மோடம் கோளாறு' என்று எழுதிவிட்டுப் போனார். ஜெயபிரியா புது மோடம் வாங்கினாள். அதிலும் அதே கதைதான்.

போன வாரம் அவள் கூப்பிட்டபோது பாதி வார்த்தை இரைச்சலில் போய்விட்டது. இன்னொரு தடவை வேலை நடுவில் நின்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாக ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. "காலைல ஒரு தடவ வந்து கேட்டுட்டுப் போங்கக்கா. நான் பொய் சொல்லல" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தை அமுதவல்லியை உறுத்தியது. முதல் பஸ்ஸைப் பிடித்து ஆறே முக்காலுக்கு வந்து இறங்கினார். ரிசீவரை எடுத்து ஒன்றை அழுத்தியதும் கரகரவென்று காதைக் கிழித்தது. ஜெயபிரியாவின் முகத்தைப் பார்க்காமல், மோடம், ஃபில்ட்டர், போன் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். வெளிச்சுவரில் லைன் வந்து சேரும் பெட்டியைத் திறந்து, சோதனை போனை நேராக மாட்டிக் கேட்டார். இரைச்சல் குறையவே இல்லை. "வூட்டுக்குள்ள ஒன்னுமில்லம்மா. வெளியிலதான்" என்றார்.

மரவள்ளிக் காட்டு வரப்பில், சேலை முழங்கால்வரை பனியில் நனைய, கம்பம் கம்பமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஜெயபிரியா, வீட்டு ஏணியின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். மூன்றாவது கம்பத்தில் ஏறி, ஒயர்கள் சேரும் ஜாயிண்டின் மேலிருந்த டேப்பை உரித்தார். உள்ளே ஈரம். செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. வெயில் ஏறினால் காய்ந்து அடங்கும். பனி இறங்கினால் மறுபடி இரையும். மூன்று உச்சிவேளையும் அவரை ஏமாற்றியது அதுதான்.

உரித்த டேப்பின் நுனி உள்பக்கம் மடிந்திருந்தது. அப்படி மடித்துச் செருகும் பழக்கம் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவருக்குத்தான் உண்டு. சென்ற வருஷ மழையில், தண்ணீர் புகாத கிளிப் ஆபீசில் தீர்ந்துபோயிருந்தது. வெறும் டேப்பைச் சுற்றிவிட்டு, கிளிப் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டார். இரண்டு வாரத்தில் கிளிப் வந்தது. இந்தக் கம்பம் நினைவுக்கு வரவில்லை.

கீழே நின்றவளுக்கு இதெல்லாம் தெரியாது. எறும்பு என்று சொல்லியிருக்கலாம், மழை என்று சொல்லியிருக்கலாம். அமுதவல்லி ஏணியில் இரண்டு படி இறங்கி நின்றார்.

"இது நான் போட்ட ஜாயிண்டுதாம்மா. உன் மோடத்துல ஒன்னுமில்ல. நாந்தான் தப்பா எழுதிட்டேன்."

ஜெயபிரியா நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப பழைய மோடம் நல்லாத்தான் இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள். அமுதவல்லி தலையசைத்தார். ஏணியைப் பிடித்திருந்த கையை அவள் எடுக்கவில்லை.

பச்சை பிடித்த துண்டை வெட்டி எறிந்து, ஒயரைச் சுரண்டிப் புதுக் கிளிப்பை அழுத்தினார். வீட்டுக்குத் திரும்பி எல்லாவற்றையும் மாட்டி, எக்ஸ்சேஞ்சில் இருந்த தர்மனைக் கூப்பிட்டுத் திருப்பி அடிக்கச் சொன்னார். போன் ஏழெட்டு தடவை அடித்தது. மோடத்தின் பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. ஜெயபிரியா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஹெட்போனை மாட்டி டைப் அடிக்கத் தொடங்கிவிட்டாள்.

அதே மழையில் வெறும் டேப் சுற்றிய ஜாயிண்டுகள் அந்த வழியில் இன்னும் நாலு இருந்தன. அந்த வீடுகளிலிருந்து இதுவரை புகார் எதுவும் வரவில்லை. கடத்தூர் பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. அமுதவல்லி முட்டியை ஒரு தடவை நீவிவிட்டுக்கொண்டார். பிறகு ஏணியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி அடுத்த கம்பத்தை நோக்கி நடந்தார்.