ஃபிரிட்ஜ் மெக்கானிக்கின் கைதிகள்

"வீட்ல பழைய கடுதாசி ஏதாவது கிடக்கா? போர்ல பிடிபட்டவங்க எழுதினது?" ஃபிரிட்ஜின் பின்னால் தலையை விட்டபடியே கேட்கிறார் மெக்கானிக். கேஸ் போயிருக்கிறதா, மோட்டார் போயிருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்தான்.

இருபது வருடத்தில் நூற்று நாற்பத்து மூன்று தேறியிருக்கின்றன. வீட்டுக் கூடத்தில், மோட்டார் கழற்றிய ஒரு ஃபிரிட்ஜுக்குள் அவற்றை வைத்திருக்கிறார். பூச்சி அண்டாது, ஈரம் ஏறாது. தட்டுக்கு ஒரு கைதி முகாம். பெயர் அழிந்துபோனவர்கள் காய்கறிப் பெட்டியில்.

"என் தம்பி போன் பண்ணா எடுக்க மாட்டாரு. கைதி எழுதினா நாலு தடவ படிப்பாரு" என்கிறார் மனைவி.

"உன் தம்பி என்னைக்காவது சுருக்கமா பேசியிருக்கானா? இவங்களுக்கு முகாம்ல எழுத விட்டதே மொத்தம் ஏழு வரி."

நலம் என்று எழுதாத கைதி கிடையாது என்பது அவர் கண்டது. "அத நம்பக் கூடாது. அடுத்த வரியில 'காலுறை அனுப்பு'ம்பான் பாருங்க, அதான் நெசம்."

பிரிக்காத கடிதம் மட்டும் அவர் கைக்கு எட்டவே இல்லை. போன மாதம் எட்டியது. மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும், கண் பார்வை போன ஒரு வயதான அம்மாள், அலமாரியைத் துழாவி எடுத்து நீட்டினார். புருஷன் முகாமிலிருந்து போட்டது. அவர் இறந்துவிட்டதாகத் தந்தி முந்திக்கொண்டது. கடிதம் நாலு மாதம் கழித்து வந்தது.

"செத்த மனுஷன் நல்லா இருக்கேன்னு எழுதியிருப்பாரு. அத எதுக்குப் பிரிக்கணும்னு வச்சிட்டேன். அப்ப கண்ணு இருந்துச்சு, தைரியம் இல்ல. இப்ப தைரியம் இருக்கு, கண்ணு இல்ல. நீ படி தம்பி."

மெக்கானிக் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படியே குடுத்துடுங்கம்மா" என்பது தொண்டைவரை வந்து, திரும்பிப் போனது. கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஆவியில் ஓரத்தைக் காட்டினார். பசை இளகும்வரை அம்மாள் பேசிக்கொண்டிருந்தார்.

"தந்தி வந்த வாரமே அவரு சைக்கிள வித்துட்டேன். பிள்ளைங்க பட்டினி. அத உயிரா வச்சிருந்தாரு. இன்னைக்கும் அது ஒண்ணுதான் உறுத்துது."

உறை திறந்தது. மெக்கானிக் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு, ஒரு எழுத்து விடாமல் படிக்கத் தொடங்கினார்.

"நலம். இருமல் விட்டுவிட்டது. பிள்ளைகளை அடிக்காதே."

அடுத்த வரி: எது போனாலும் சைக்கிளை மட்டும் விற்றுவிடாதே.

அம்மாளின் முகம் அவர் பக்கமே திரும்பியிருந்தது. மெக்கானிக் அந்த வரியின்மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்து, நன்றாக மறைத்துக்கொண்டு, அதற்கடுத்த வரியைப் படித்தார்.