வயிற்றில் இருந்த அம்பு

என்னைப் பனைமரத்தில் கட்டியவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள்தான். நான் குற்றம் எதுவும் செய்யவில்லை. அன்று எனக்கு வேலை இல்லை, அதுதான் காரணம்.

எங்கள் குப்பம் பழவேற்காட்டு ஏரிக்கரையில், உலாந்தாக்காரர் என்கிற டச்சுக்காரர் கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது. ஊரில் எல்லோரும் கத்தோலிக்க வேதக்காரர்கள். எங்கள் ஓலைக்கோயிலில் ஒரு துணிப்படம் தொங்கும். மரத்தில் கட்டி அம்பெய்து கொல்லப்பட்ட ஓர் இளம் புனிதர் அதில் இருந்தார். ஒரு மழைக்காலத்தில் கரையான் அவரைத் தின்றுவிட்டது. மிஞ்சியது ஒரு முழங்காலும் இரண்டு அம்புகளும். முழங்காலைப் பார்த்து எத்தனை நாள் செபிப்பது?

சாவகத்துக்குப் போகும் கப்பல்களுக்காகத் துணியில் பூ எழுதும் ஒருவரைப் பழவேற்காட்டிலிருந்து அழைத்து வந்தார்கள். அவர் முழங்காலை நெடுநேரம் பார்த்தார். "பாக்காதத நான் எழுத மாட்டேன். ஒரு ஆளக் கட்டிக் காட்டுங்க" என்றார்.

அந்நேரம் ஆண்கள் எல்லோரும் ஏரியில் இருந்தார்கள். ஏரியில் மீன் படும் இடங்களில் யார் எந்த நாள் வலை போடுவது என்பதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணம் ஆன ஆணுக்குத்தான் பாடு. கட்டைப் பிரம்மச்சாரி கரையில் உட்கார்ந்து அடுத்தவனின் கிழிந்த வலையைப் பொத்த வேண்டியதுதான். நான் பொத்திக்கொண்டிருந்தேன். கரையில் இருந்த கிழவர்கள் வலைக்கயிற்றாலேயே என்னைக் கட்டினார்கள்.

"சாவப் போறவன் மாதிரி வானத்தப் பாரு" என்றார் எழுதுகிறவர். எனக்கு அது வரவில்லை. அப்போது பனையிலிருந்து கட்டெறும்புகள் இறங்கின. இன்றைக்கும் கோயிலில் செபம் சொல்லித்தரும் எங்கள் உபதேசியார் அந்தப் படத்தைக் காட்டி, விண்ணகத்தைத் தேடும் பார்வை என்று உருகுவார். அது எறும்பைத் தேடும் பார்வை.

பதினோரு அம்புகளைப் புளியங்கரியால் போட்டிருந்தார். என் அம்மா வந்து பார்த்துவிட்டு ஒன்றின் மேல் விரலை வைத்தாள்.

"வயித்துல வாணாம்யா. அவன் பசி தாங்க மாட்டான்."

"தாயீ, இது ஒம் புள்ள இல்ல. புனிதரு."

"அவருக்கும் ஒரு ஆத்தா இருந்திருப்பா இல்ல?"

எழுதுகிறவர் அந்த அம்பைத் தட்டி அழித்துத் தொடையில் போட்டார். பிறகு சாயவேரில் சிவப்பு ஏற்றினார். பூ எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? ரத்தம் வடிய வேண்டிய இடத்திலெல்லாம் ஒவ்வொரு பூ பூத்திருந்தது.

படத்தைத் தொங்கவிட்டதும் ஊரே முழங்காலில் நின்றது. காலையில் என்னைத் தண்டச்சோறு என்று திட்டிய அம்மா, மாலையில் என் முகத்துக்கு முன்னால் விளக்கேற்றி, தன் மகனுக்கு நல்ல புத்தி கொடுக்கும்படி என்னிடமே மன்றாடினாள். கோட்டைக்காரர்கள் வேறு சபை, அவர்களுக்குப் படம், உருவம் என்றாலே ஆகாது. அவர்கள் இந்தப் பக்கம் வந்தால் புனிதரைச் சுருட்டி ஈர வலைகளுக்கு அடியில் செருகுவோம்.

அந்த வருஷம் பாடு பிரிக்கும்போது ஊர்த் தலைவரான நாட்டார், புனிதருக்கும் ஒரு பாடு வேண்டும் என்றார். அதில் வரும் மீன் கோயிலுக்கு. "கல்யாணம் ஆவாதவருக்கு எப்படி?" என்று ஒருவர் எழுந்தார். சாமியே ஆனாலும் முறை முறைதானே. கூட்டம் பொழுது சாயும்வரை நடந்தது. கடைசியில் உபதேசியார், திருச்சபையே அவருக்கு மணவாட்டி என்று சொல்லி முடித்து வைத்தார். மணமகனுக்குப் பதிலாக வலை போட ஆள் வேண்டுமே. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் போட்டேன். மடவையும் இறாலும் அள்ள அள்ள வந்தன. எனக்கு ஒரு நண்டு தரவில்லை.

அப்போதுதான் சுண்ணாம்புக்குளத்திலிருந்து சந்தைக்குக் கருவாடு கொண்டுவரும் ஒருத்தியை எனக்குப் பிடித்துப்போனது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. ஆனால் அவள் சொன்னாள்: "பாடு இல்லாதவனுக்குப் பொண்ணு இல்லன்னு நைனா சொல்ட்டாரு. கல்யாணம் ஆனா பாடு குடுப்போம்னு ஒங்க நாட்டார ஒரு வார்த்த சொல்லச் சொல்லு."

இது ஒரு பெரிய விஷயமா என்று நாட்டாரிடம் போனேன்.

"ஒனக்குத்தான் பாடு கீதேடா."

"அது புனிதரோடது, நாட்டாரே."

"மூஞ்சி யாரோடது? ஒரு மூஞ்சிக்கு ரெண்டு பாடு குடுத்தா நாளைக்கு ஊரே படம் எழுதிக்கும். அதுவுமில்லாம நீ சபையக் கட்டிக்கினவன். இன்னா, ரெண்டாந்தாரமா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த முகத்தையே இல்லாமல் செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். புனிதர்மேல் மீன் வாடை அடிக்கிறது, துவைத்துத் தருகிறேன் என்று படத்தை எடுத்துப் போய் ஏரியில் போட்டுக் கல்லில் அடித்தேன். பழவேற்காட்டுச் சாயத்தின் பெருமை எனக்கு அப்போதுதான் புரிந்தது. அழுக்குதான் போனது. முகம் புதுமாப்பிள்ளைபோலப் பளபளத்தது. ஊரில் புதுமை, அற்புதம் என்று மணி அடித்தார்கள். பக்கத்துக் குப்பங்களிலிருந்தும் படகில் வந்து விழுந்து கும்பிட்டார்கள். நான் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்தேன்.

நாட்டார் சொன்னதைக் கேள்விப்பட்டு அவளே தன் நைனாவை இழுத்துக்கொண்டு நாட்டார் வீட்டுக்கு வந்தாள்.

"இந்த மூஞ்சிக்குப் பாடு கீதுன்னு நீங்கதான சொன்னீங்க, ஐயா? பாடு இருக்கிறவனுக்குத்தான் நைனா என்னக் குடுப்பாரு. அப்ப சரி, கட்டிக்கிறேன். புனிதர் பாட்டுல வர்ற மீன எங்க வூட்டுக்கு அனுப்பிடுங்க."

நாட்டார் வெற்றிலையைத் துப்பினார். புனிதர் மீனில் நடக்கும் திருவிழாச் சாப்பாடு அவர் கண்முன்னால் மிதந்து போயிருக்க வேண்டும். பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "கோயில்ல எல்லாரு முன்னாடியும் படத்தப் பாத்து, அது நான் இல்லன்னு சொல்லு. தனிப் பாடு தர்றேன்."

ஞாயிறு நடுப்பகலில் ஊர் கூடியது. நான் என்னையே நிமிர்ந்து பார்த்து, "அது நான் இல்லை" என்றேன். ஒருமுறை போதாது, மூன்றுமுறை சொல் என்றார் நாட்டார். சொன்னேன். வேதத்தில் சீடர் ஆண்டவரை மூன்றுமுறை மறுதலித்ததும் சேவல் கூவும்; உபதேசியாரும் சேவல் ஏதாவது கூவுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஊர்ச் சேவல்கள் வெயிலுக்குப் படகடியில் படுத்திருந்தன. கல்யாணம் நிச்சயமானது, பாடும் கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லோரும் போன பிறகும் அம்மா மட்டும் படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சோற்றுக்குக் கூப்பிடப் போனேன்.

"இல்லன்னு சொல்லிட்டியேடா" என்றாள். "வயித்துல இருந்த அம்ப யாருக்காவ எடுக்கச் சொன்னேன்?"

எனக்கு வெட்கமாக இருந்தது.

அதன்பிறகு பல வருஷங்கள் அவள் இருந்தாள். என் பிள்ளைகளை வளர்த்தாள், என் பெண்டாட்டியோடு சண்டை போட்டாள், என்னைத் தண்டச்சோறு என்று திட்டுவதையும் விடவில்லை. தினமும் மாலையில் கோயிலுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு, படத்தின் வயிற்றில் கையை வைத்து ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வருவாள். கேட்டால் ஒன்றுமில்லை என்பாள்.

இப்போது எனக்கும் தலை நரைத்துவிட்டது. அம்மா போய்விட்டாள். நான் கல்லில் அடித்தும் போகாத அந்தச் சாயம், வயிற்றில் மட்டும் ஓர் உள்ளங்கை அளவுக்கு வெளுத்திருக்கிறது.