நிலானி கீழே விழுந்த ஆட்டம்: மெல்பேர்னிலிருந்து ரொறன்ரோவுக்கு

"அம்மா, நான் பெஞ்சில இருக்கிறதைப் பார்க்க அவ்வளவு தூரம் வர வேண்டாம். விளையாடுற நேரம் சொல்லுறன், வாங்கோ." இப்படிச் சொல்லித்தான் என் மகள் நிலானி இரண்டு வருடமாக என்னை மெல்பேர்னிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். போன பெப்ரவரியில் ஒரு நாள் அழைத்தாள். "காலிறுதிக்கு வந்திட்டம். இப்ப வாங்கோ."

அவள் ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்குக் கூடைப்பந்து ஆடுகிறாள். ஒன்பது வயதில் மெல்பேர்னின் டண்டினோங் பகுதியில் தொடங்கியது இந்தப் பைத்தியம். பெரிய அணிகளின் தேர்வுகளில் உயரம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் தன் ஆட்டங்களை வீடியோவாக வெட்டி, கண்ட கண்ட பயிற்சியாளர்களுக்கெல்லாம் அனுப்பினாள். பதில் போட்டவர் ஒரே ஒருவர், ரொறன்ரோவில் இருந்த ஒரு பெண் பயிற்சியாளர். அங்கே போன முதல் வருடம் முழுக்க பெஞ்ச். இரண்டாம் வருடம் முழங்கால் சவ்வு கிழிந்து அறுவைச் சிகிச்சை. மூன்றாம் வருடம் அந்த அணியில் அதிகப் புள்ளி எடுப்பவள் அவள்தான்.

வான்கூவரில் விமானம் மாறி, ஏறத்தாழ ஒரு முழு நாள் பயணம். மெல்பேர்னில் வெயில் கொளுத்த, ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலைய வாசலில் மைனஸ் பதினொன்று. டாக்சி ஓட்டியவர் ரெக்ஸ்டேலில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். மில்லிக்கனில் என் மச்சாள் வீட்டுக்கு முக்கால் மணி நேரம் ஓடினோம்.

"பிள்ளை நல்ல உயரமோ, தங்கச்சி?"

"இல்லை அண்ணை. ஐஞ்சடி நாலு."

"அப்ப உந்த விளையாட்டில என்ன செய்யிறா?"

"அதைப் பார்க்கத்தான் வந்தனான்" என்றேன். சிரித்தார்.

ஆட்டம் மறுநாள் பின்னேரம். மில்லிக்கனில் கோ எனும் புறநகர் ரயில் ஏறினால் நகர நடுவில் உள்ள யூனியன் நிலையத்துக்கு முக்கால் மணி நேரம். அங்கிருந்து சுரங்க ரயில். நீங்களும் போவதென்றால், சனி ஞாயிறில் ரயில்கள் குறைவு, நேரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள். மண்டபத்துக்குள் நல்ல சூடு. தடித்த ஜாக்கெட்டுக்குள் மெல்லிய சட்டை போடுங்கள். வீரர்களின் பெஞ்சுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் பிள்ளையின் முகம் தெரியும்.

எனக்குத் தெரிந்தது. மூன்றாம் கால் பகுதியில் நிலானிக்கு நான்காவது ஃபவுல். ஐந்தானால் வெளியே. பயிற்சியாளர் அவளைப் பெஞ்சுக்கு அழைத்தார். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, கண் எடுக்காமல் களத்தையே பார்த்திருந்தாள். எங்கள் அணி ஆறு புள்ளி பின்னால் போனது. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?

பக்கத்தில் இருந்த தமிழ்ப் பெண் என்னைப் பார்த்தாள். "அன்ரி, நீங்கள் நிலானிட அம்மாவோ? டோன்ட் வொரி. கோச் அவவைக் கடைசிக்கு வச்சிருக்கிறா."

அப்படியே நடந்தது. இரண்டு நிமிடம் இருக்கும்போது, மூன்று புள்ளி பின்னால் நிற்க, அவளை இறக்கினார்கள். வந்த வேகத்தில் இரண்டு முறை கூடையில் போட்டாள். ஒரு புள்ளி முன்னிலை. கடைசிச் சில விநாடிகளில் எதிரணியின் நெட்டைப் பெண் ஒருத்தி பந்தோடு கூடையை நோக்கிப் பாய்ந்தாள். நிலானி விலகவில்லை. இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். மோதிய வேகத்தில் மல்லாக்க விழுந்து வழுக்கிக்கொண்டு போனாள். நடுவர் விசில் ஊதினார்.

பிழை யாருடையது? நிலானியுடையது என்றால் அது ஐந்தாவது ஃபவுல், அவள் வெளியே, பந்து அவர்களுக்கு. மண்டபமே நடுவரைப் பார்த்தது. நான் அவளுடைய முழங்காலைப் பார்த்தேன். நடுவர் மறுபக்கம் கை காட்டினார்: இடித்தவள்மேல் பிழை, பந்து எங்களுக்கு. நான்கு பிள்ளைகள் ஓடிவந்து அவளைத் தூக்கி நிறுத்தினார்கள். ஒரு புள்ளியில் வென்றோம்.

பிறகு முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு வந்தாள். "பயந்திட்டீங்களோ?"

"இல்லை."

"பொய். அம்மா, செமி ஃபைனல் சனிக்கிழமை. உங்கட பிளைட் எப்ப?"

"வெள்ளிக்கிழமை."

"ஓம், பரவாயில்லை" என்றாள். முகம் அப்படிச் சொல்லவில்லை. அன்றிரவே பயணத் தேதியை மாற்றினேன்.

ஆகவே பிள்ளையின் ஆட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு என் புத்திமதி: தேதி மாற்றக்கூடிய விமானச்சீட்டாக எடுங்கள், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் சரி. அரையிறுதியில் எங்கள் பிள்ளைகள் மோசமாகத் தோற்றார்கள். இத்தனை காலமும் தோல்விகளைத் தொலைபேசியில்தான் சொல்வாள், குரலைச் சரிப்படுத்திக்கொண்டு. அன்றைக்கு நேராகப் படியேறி வந்து, வியர்வையோடு என் ஜாக்கெட்டில் முகத்தைப் புதைத்து, வேண்டிய மட்டும் அழுதாள்.