சட்டையில் மின்னிய நீலப் புள்ளி

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பத்தாவதையே தாண்டாதவன் லேசரைப் பற்றி எழுதினால் எவன் படிப்பான்? போன வாரம் பெட்டியில் அந்தப் பழைய வெள்ளைச் சட்டை கிடைத்தது. சரி, எழுதித் தொலைப்போம்.

எண்பதுகளில் திருச்சியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் நான் அட்டெண்டர். ஸ்ரீரங்கத்திலிருந்து நானும், முசிறியிலிருந்து என் சினேகிதனும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குவோம். அவன் ஆராய்ச்சி மாணவன். லேசரின் ஆரஞ்சு ஒளியை ஒரு படிகத்துக்குள் அனுப்பி அதன் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்குவது அவன் வேலை. இரட்டித்த ஒளி புற ஊதா, கண்ணுக்குத் தெரியாது. கடைசியில் ஒரு பட்டகம் ஆரஞ்சை ஒரு பக்கமும் இதை வேறு பக்கமும் பிரித்துவிடும். லேசரின் நிறத்தைக் கொஞ்சம் மாற்றினாலும் படிகத்தை மயிரிழை திருப்ப வேண்டும். கோணம் தப்பினால் ஒன்றும் வராது.

புற ஊதா பட்டால் வெள்ளைத் தாள் நீலமாக மின்னும் என்று நம்பி, ஆய்வகத்து வடிதாளைப் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்திருந்தான்.

"தெரியாத வெளிச்சமா? எங்க ஊர்ல அதுக்குப் பேரு இருட்டுடா" என்பேன்.

ஒரு நாள் அந்தத் தாளில் பேனாவால் நீலப் புள்ளி ஒன்று வைத்தேன். ஐந்து நிமிஷம் சந்தோஷப்பட்டான்; இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாவது வாரம் முடியும் நாள் வந்தது. படிகம் இரவல். மறுநாள் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்குள் ஒளி கிடைக்காவிட்டால் தலைப்பையே விட்டுவிடச் சொல்லியிருந்தார் அவனுடைய கைடு.

அன்று மத்தியானம், ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி போட்டு மூடிய அறைக்குள் டீயோடு போய் மேசையோரம் நின்றேன். என் வயிற்றுப் பக்கம், சட்டையில், நீலமாக ஏதோ விட்டுவிட்டு மின்னியது.

"டேய், என் சட்டையில ஒண்ணு நீலமா மின்னுது."

அவன் திரும்பவில்லை. "பேனாவை மூடி வை."

"பேனா மை மின்னுமாடா? திரும்பித்தான் பாரேன்."

பார்த்தான். படிகத்தின் திருகை மெதுவாக நகர்த்தினான்; புள்ளி போயிற்று. பழைய இடத்துக்குக் கொண்டுவந்தான்; வந்தது. மூன்று தடவை இப்படியே.

அப்புறம் அவன் சொல்லித்தான் தெரிந்தது: என் அம்மா துணிக்குப் போடும் சோப்புத்தூளில் வெளுப்புக்காக ஏதோ சேர்க்கிறார்களாம். அது புற ஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பிக் கொடுக்குமாம். வடிதாளில் அது கிடையாது. பாவம், அந்த ஒளி எத்தனை நாளாக வந்து போய்க்கொண்டிருந்ததோ.

"டீ ஆறுதுடா. சட்டையைக் கழட்டிக் கொடுத்துட்டுப் போகட்டுமா?" என்றேன்.

திருகின் எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டே சொன்னான்: "மூச்சை மெதுவா விட்டுக்கிட்டு அங்கேயே நில்லு, இன்னும் நாலு நிறம் பாக்கியிருக்கு."